ஒரே ஹெட்டரில் நாலு ஃபேன் மாட்டலாமா?

வணக்கம் குன்னூர் நண்பரே. கம்ப்யூட்டர் கேபினெட்டில் நாலு ஃபேன் மாட்ட வேண்டும், ஒவ்வொரு ஃபேன் ஸ்டிக்கரிலும் 0.3 ஆம்பியர், மதர்போர்டில் காலியாக இருப்பது ஒரே ஹெட்டர் (ஃபேன் ஒயரைச் செருகும் இடம்) என்கிறீர்கள். தயவுசெய்து ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஒயர்) போட்டு நாலையும் அதில் மாட்டிவிடாதீர்கள். பெரும்பாலான ஹெட்டர்கள் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். உங்கள் கணக்கு 1.2 ஆம்பியர் வருகிறது, சுற்றத் தொடங்கும் நொடியில் இன்னும் கூடுதலாக இழுக்கும். ஹெட்டர் கருகினால் போர்டைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

சாட்டா பவர் ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபேன் ஹப் (பல ஃபேன்களை ஒன்றாக மாட்டும் இணைப்புப் பலகை) வாங்குங்கள். மின்சாரம் நேரே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து வரும், ஹெட்டர் வேகத்துக்கான சிக்னலை மட்டும் கொடுக்கும். ஃபேன்கள் நாலு பின் வகைதானே? மூன்று பின் என்றால் இந்த மாதிரி ஹப்பில் பெரும்பாலும் முழு வேகத்தில்தான் ஓடும். அப்புறம், உங்கள் ஊர்க் குளிருக்குச் சாதாரண வேலைக்கு இரண்டு ஃபேனே தாராளம் என்பேன். அதற்குச் சாதாரண ஸ்ப்ளிட்டரே போதும்.