சூப்பர்நோவாவும் பாறைகளின் வயதும்

அன்புள்ள ஐயா,

பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று உறுதியாக நம்பும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாவதை வைத்துப் பாறைகளின் வயதைக் கணிப்பதைப் பற்றிக் கேட்டால், "முன்பு ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, நடந்தது. அதிலிருந்து வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் கதிரியக்கச் சிதைவை வேகப்படுத்திவிட்டன. அதனால்தான் பாறைகள் பழையதாகத் தெரிகின்றன" என்கிறார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றையும் ஆதாரமாகச் சொல்கிறார். அது சாத்தியமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாத்தியமில்லை. நண்பர் சாட்சிக்கு அழைத்த சூப்பர்நோவாவே அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது.

1987 பிப்ரவரியில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. அதன் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோக்கள் வந்துவிட்டன. பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் கடந்துபோயின. அவற்றைப் பிடிக்க ஜப்பானில் வைத்திருந்த கமியோகண்டே தொட்டியில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர் இருந்தும் சிக்கியவை 11தான். எதையும் தொடாமல் போவதுதான் அவற்றின் இயல்பு. யுரேனிய அணுக்கரு ஹீலியம் கருவை வெளியே தள்ளும் ஆல்பா சிதைவிலோ நியூட்ரினோவுக்கு வேலையே கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெடிப்பில் உண்டான நிக்கல்-56 சில நாட்களில் கோபால்ட்-56 ஆகும். அது இரும்பாகச் சிதையும். ஆய்வகத்தில் கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 77 நாள். சூப்பர்நோவாவின் ஒளி மாதக்கணக்கில் மங்கியதும் அதே கணக்கில்தான். கோபால்ட்டுக்கே உரிய காமா கதிர்களையும் செயற்கைக்கோள் பதிவு செய்தது. யோசித்துப் பாருங்கள்: அந்த நிக்கல் பிறந்ததே நியூட்ரினோக்கள் பொங்கிய மையத்தை ஒட்டி. அவை சிதைவைத் தூண்டக்கூடியவை என்றால் நிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும். மாதக்கணக்கில் ஒளிர எதுவும் மிஞ்சியிருக்காது.

பர்டியூ ஆய்வு சொன்னது சிதைவு வேகத்தில் ஒரு சதவீதத்திலும் சிறு பங்கு மாற்றம். பிறர் அளந்தபோது அதுவும் உறுதிப்படவில்லை. 450 கோடி ஆண்டை ஆறாயிரத்தில் அடக்க நண்பருக்குத் தேவையோ ஏழு லட்சம் மடங்குக்கும் மேல்!

சரி, எப்படியோ வேகம் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். 450 கோடி ஆண்டுச் சிதைவின் வெப்பம் மொத்தமாக வெளிப்பட்டால் பாறைகளே உருகிவிடும். சிதைவு வேகமடைந்தது என்று வாதிட்ட ரேட் என்ற படைப்புவாதக் குழுவே, 2005இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த வெப்பம் தீராத சிக்கல் என்று ஒப்புக்கொண்டது. நண்பரிடம் பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். அது அவர் தரப்பு ஆட்களே எழுதியது.