தனியே மோட்டார் சைக்கிளில் தென்னிந்தியா: அம்மாவின் காப்பை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 33 வயது. திருமணம் ஆகவில்லை. கொக்குவிலில் அம்மாவுடன் இருக்கிறேன். யாழ்ப்பாண நகரில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 1,15,000 ரூபா. வீட்டுச் செலவு, மோட்டார் சைக்கிள் லீசிங், சீட்டு எல்லாம் சேர்த்து மாதம் 80,000 போய்விடும். நிலையான வைப்பில் 5 இலட்சம் இருக்கிறது, பெப்ரவரி நடுப்பகுதியில் முதிர்கிறது. வரும் டிசம்பரில் சென்னையில் ஒரு 350 சீசீ மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, புதுச்சேரி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மூணாறு, ஊட்டி, மைசூர் என்று 14 நாள் தனியே சுற்றிவர ஆசை. சுமார் 2,300 கிலோமீற்றர். பெற்றோல், வாடகை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் 50,000 இந்திய ரூபா வரும். நம் காசில் 1,30,000. வைப்பை முறிக்க வேண்டாம், தன் காப்பை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. சீட்டைக் கழித்து எடு என்கிறான் நண்பன். கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு இலட்சம் தருகிறேன் என்கிறான். எதை எடுப்பது? என் பல்சரையே காங்கேசன்துறைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் வாடகை மிச்சம் அல்லவா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ஓடுவது ஆட்களை ஏற்றும் கப்பல். வண்டி ஏற்ற வழியில்லை. வழி இருந்தாலும் அடுத்த நாட்டுக்குள் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோக கார்னெட் என்ற சுங்கப் பத்திரம் வேண்டும், அதற்குப் பெரிய தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். லீசிங்கில் இருக்கும் வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிறேன் என்று லீசிங் கம்பனியிடம் கேட்டுப் பாருங்கள், என்ன முகம் காட்டுவார்கள் என்று தெரியும். பல்சர் கொக்குவிலிலேயே நிற்கட்டும்.

இனிக் கணக்கு. 50,000 இந்திய ரூபா என்று போட்டிருக்கிறீர்கள். நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். 12 நாள் வாடகை நாளுக்கு 1,400 வீதம், 13 இரவு லொட்ஜ் 1,300 வீதம், சாப்பாடு நாளுக்கு 600, லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் என்று 66 லீற்றர் பெற்றோல். கூட்டினால் 48,900. ஆக, இந்திய ரூபாவில் உங்கள் கணக்கு சரி. பிழை அடுத்த வரியில் இருக்கிறது. 50,000 ஐ 1,30,000 ஆக்க ஒரு இந்திய ரூபாவுக்கு 2.60 என்று பெருக்கியிருக்கிறீர்கள். அது 2019 விலை. அந்த வருடத்து விலையை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் போல. 2022 இல் நம் ரூபா விழுந்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது. இப்போது மூன்றரை என்று பிடியுங்கள்: 1,75,000. கணக்குப் பிரிவில் இருப்பவர் 45,000 ரூபாவை இப்படித் தவறவிட்டதை உங்கள் மனேஜரிடம் சொல்லமாட்டேன்.

அதற்கு மேல் நீங்கள் எழுதாமல் விட்டவை. விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் 60,000 ஒதுக்குங்கள். கையுறை, முழங்கால் கவசம், நல்ல ஜக்கெட்டுக்கு 30,000. பயணக் காப்புறுதி, சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம், அதை எடுக்கக் கொழும்புக்குப் போய்வரும் செலவு 25,000. இதுவே 1,15,000. மொத்தம் 2,90,000. எதிர்பாராததற்கு அதில் 20 வீதம், 58,000. வாடகைக் கடை பிடித்துவைக்கும் டிபொசிட் 10,000 இந்திய ரூபா, அதாவது 35,000. திரும்பி வரும் காசுதான், ஆனாலும் போகும்போது கையில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 3,83,000.

உங்களிடம் இருப்பது 5 இலட்சம். மாதம் 80,000 செலவாகும் வீட்டுக்கு மூன்று மாதக் காசு, 2,40,000, தொடக்கூடாது. மீதி 2,60,000. இதுதான் பயணத்துக்கு உங்களிடம் உள்ள பணம்.

காப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு 15 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 2 இலட்சத்துக்கு அடகு வைத்த காப்பு ஒரு வருடத்தில் 30,000 தின்றுவிடும். மூணாறுப் படங்களை ஆறு மாதத்தில் மறந்துவிடுவீர்கள், அடகுச் சீட்டு மட்டும் அலுமாரிக்குள் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நண்பன் சொல்லும் சீட்டும் அப்படித்தான். அவசரத்துக்குக் கழித்து எடுப்பவருக்குத்தான் கழிவு அதிகம். ஊர் சுற்றுவது அவசரமில்லை.

வைப்பை இப்போது முறிக்கவும் வேண்டாம். 8 வீதம் என்று பிடித்தால் வருட வட்டி 40,000. 2025 ஏப்ரலில் இருந்து அதில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள், கைக்கு 36,000. முதிர்வதற்கு இரண்டு மாதம் முன்னால் உடைத்தால் வங்கி குறைந்த வட்டிதான் போடும், அந்த 36,000 இல் ஒரு பங்கு போய்விடும். உங்கள் முழுப் பயணத்துக்கும் பெற்றோல் 24,000 தான், ஞாபகம் இருக்கட்டும்.

அத்தோடு டிசம்பர் ஒரு கெட்ட மாதம். வடகீழ்ப் பருவமழை நம்மைப் போலவே சோழமண்டலக் கரையையும் நனைக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியது நீங்கள் போக நினைக்கும் அதே புதுச்சேரிப் பக்கத்தில்தான். மகர விளக்கு முடியும்வரை தேனி, குமுளிப் பாதை முழுக்க ஐயப்ப சாமிமார் வாகனங்கள். பெப்ரவரிக் கடைசியில் இந்த இரண்டும் இல்லை. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை வாடகை ஏறுவதற்கு முன்னும் வந்துவிடலாம். வைப்பு முதிரும் நாளும் வானம் வெளுக்கும் நாளும் ஒன்றாக வருகின்றன. இப்படி வாய்ப்பது அபூர்வம் தம்பி, பிடித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை நான்கு மாதம், மாதம் 15,000 ஒதுக்கினால் 60,000. சம்பளத்தில் 35,000 மிஞ்சும் ஒருவருக்கு இது கஷ்டமில்லை. மொத்தம் 3,20,000. அப்படியும் 14 நாள் பயணத்துக்கு 63,000 குறைகிறது. ஆகவே பயணத்தைக் குறுக்குங்கள் என்பது என் யோசனை. மைசூரில் இருந்து சென்னைக்குத் திரும்பும் கிட்டத்தட்ட 490 கிலோமீற்றரில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? லொறிகளைத்தான். பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் பிரதான பாதையில் மோட்டார் சைக்கிளை விடவும் மாட்டார்கள். பலாலியில் இருந்து திருச்சிக்கு 2025 மார்ச்சில் விமானம் தொடங்கியது. திருச்சியில் இறங்கி, அங்கோ மதுரையிலோ வண்டி எடுங்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கன்னியாகுமரி, தென்காசி, தேனி, மூணாறு, மதுரை, திருச்சி. ஏறக்குறைய 1,250 கிலோமீற்றர், எட்டு நாள் வாடகை, ஒன்பது இரவு. இதற்கு இந்தியச் செலவு 32,500, நம் காசில் 1,14,000. மேலே சொன்ன 1,15,000, அதோடு 20 வீதம், டிபொசிட் எல்லாம் போட்டால் 3,10,000. உங்களிடம் 3,20,000. யாரிடமும் கேட்காமல் போய்வரலாம்.

தனுஷ்கோடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட வேண்டாம். 1964 புயலுக்கு முன் நம் அப்பாமார் தலைமன்னாரில் கப்பல் ஏறி, அங்கே ரயில் பிடித்துச் சென்னை போனார்கள். இப்போது அரிச்சல்முனைவரை தார் ரோட்டு இருக்கிறது. நுனியில் நின்றால் தலைமன்னார் 30 கிலோமீற்றர்தான். காசுக் கணக்கில் இதற்கு இடமில்லை, சும்மா சொன்னேன்.

சின்னச் சின்ன மிச்சங்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். கேரளாவில் பெற்றோல் தமிழ்நாட்டைவிட விலை கூட, போடிநாயக்கனூரில் டாங்கை நிரப்பிக்கொண்டு மலை ஏறுங்கள். அங்கே தேநீர்க் கடைவரை எல்லோரும் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். 2024 பெப்ரவரியில் அந்த வசதி இலங்கைக்கும் வந்தது என்று கேட்டு ஏமாற வேண்டாம், அது இங்கே வரும் இந்தியருக்கு. உங்களுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் துணை. டொலரை இங்கே வங்கியிலேயே வாங்குங்கள். விமான நிலையத்தில் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, மீதியை நகரத்தில் மாற்றுங்கள். வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி போகுமுன் திறந்துவிடச் சொல்லுங்கள். அட்டை இயந்திரம் 'இலங்கை ரூபாவிலா, இந்திய ரூபாவிலா' என்று கேட்டால் இந்திய ரூபாவைத் தொடுங்கள். மற்றதைத் தொட்டால் மாற்று விலையில் உங்களைக் கடித்துவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். உங்கள் கணக்கு முழுவதும் வண்டி ஓடும் நாளுக்கான கணக்கு. வண்டி விழும் நாளுக்கு ஒரு சதமும் இல்லை. தனியே போகிறவருக்கு அந்த நாள்தான் முக்கியம்.

வாடகை வண்டியின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கென்றே பதிந்த வண்டி. வெள்ளைத் தகடு என்றால் யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. நாளுக்கு முந்நூறு, நானூறு குறைவாகக் கிடைக்கும், ஆனால் விபத்து என்று வந்தால் காப்புறுதிக் கம்பனி கைவிரிக்க அதுவே போதும். எடுத்தவுடன் வண்டியைச் சுற்றிப் போனில் வீடியோ எடுங்கள். பல வருடத்துக்கு முன் நான் ஒரு வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, கடைப் பெடியன் குனிந்து, சைலன்சருக்கு அடியில், நானே பார்த்திராத ஒரு பழைய கீறலை விரலால் தடவிக் காட்டினான். கீறலுக்குள் துரு ஏறியிருந்தது. துரு ஒரு வாரத்தில் வராது என்று வாதாடினேன். டிபொசிட்டில் பாதிதான் கைக்கு வந்தது.

அனுமதிப்பத்திரத்தில் ஒரு நுணுக்கம். நம் நாட்டில் 100 சீசீக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஏ வகுப்பு வேண்டும், ஏ1 போதாது. உங்கள் அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்திலும் மோட்டார் சைக்கிள் பகுதியில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். காரணம், பயணக் காப்புறுதி. பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும்: 125 சீசீக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டினால் இல்லை, செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் இல்லை. நீங்கள் எடுக்கப் போவது 350 சீசீ. முகவர் 'அதெல்லாம் வரும் அண்ணை' என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். வராது என்றால், மோட்டார் சைக்கிளைச் சேர்க்கும் ஒப்பந்தம் கிடைக்கும்வரை தேடுங்கள். விலை கூடினாலும் வாங்குங்கள். இந்த முழுப் பட்டியலிலும் நான் பேரம் பேச வேண்டாம் என்று சொல்லும் ஒரே இடம் இது.

அப்புறம் அம்மா. போடிமெட்டு வளைவில் சறுக்கி, தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடக்கிறீர்கள் என்று வையுங்கள். முற்பணம் கேட்கிறார்கள். உங்கள் காசு முழுவதும் உங்கள் ஒருவர் பெயரில், உங்கள் கையொப்பத்தில், கொக்குவிலில். அம்மாவால் அதில் ஒரு ரூபா எடுக்க முடியாது. அப்போதுதான் காப்பு உண்மையிலேயே அடகுக்குப் போகும், அதுவும் அவசர விலையில். ஆகவே வைப்பு முதிர்ந்தவுடன், அந்த 2,40,000 இல் ஒரு இலட்சத்தை அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் போடுங்கள். இருவரில் எவர் கையொப்பமிட்டாலும் எடுக்கலாம் என்று படிவத்தில் குறிக்க மறக்க வேண்டாம். மீதி 1,40,000 ஐ மூன்று மாத வைப்பில் போடுங்கள், அதற்கு நியமனதாரராக அம்மாவின் பெயரைக் கொடுங்கள். பெப்ரவரி, மார்ச் லீசிங் தவணையைப் போகுமுன்பே கட்டிவிடுங்கள்.

மச்சானுடைய ஒரு இலட்சத்தை இப்போது வாங்க வேண்டாம். வாங்கினால் அது ஜக்கெட்டாகவோ இன்னும் மூன்று இரவு லொட்ஜாகவோ மாறிவிடும். அவனிடம் வேறு ஒன்று கேளுங்கள்: அந்த எட்டு நாளும் போனை நித்திரையிலும் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் அந்த நிமிடமே வங்கி வழியாகவோ பணம் அனுப்பும் நிறுவனம் வழியாகவோ அனுப்பத் தயாராக இருக்கட்டும். வங்கிக்கு வெளியே ஆள்வழி அனுப்பும் உண்டியல் வேண்டாம், அவசரத்தில் காசு எங்கே நிற்கிறது என்று கேட்க ஒரு ரசீதாவது கையில் வேண்டும். உங்கள் கடவுச்சீட்டு, விசா, காப்புறுதிப் பத்திரம் மூன்றையும் படம் எடுத்து அவனுக்கும் அம்மாவுக்கும் இன்றைக்கே அனுப்பலாம் என்று எழுத வந்தேன். விசா இன்னும் எடுக்கவில்லை அல்லவா? அதை எடுத்த பிறகு விமானச் சீட்டை வாங்குங்கள்.