எட்டு மணித் தொலைபேசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பத்தாரின் பதற்றத்தில் கரைந்துவிடாமல் ஒருவர் தானாக இருக்கும் 'சுய வேறுபாடு' பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் அம்மா தினமும் இரவு எட்டு மணிக்கு அழைப்பார். அண்ணி பாத்திரத்தை ணங்கென்று வைத்தது, அப்பா மாத்திரை சாப்பிடாதது, அண்ணன் எதையும் காதில் வாங்காதது என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "உங்கிட்டதான் சொல்றேன், அண்ணங்கிட்ட சொல்லிடாத" என்று முடிப்பார். அவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். எனக்கோ விடிய விடியத் தூக்கம் வராது. மறுநாள் கணவர் மீதும் மகன் மீதும் எரிந்து விழுவேன். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு மணி நெருங்கினால் கை நடுங்குகிறது. இதுதானே நீங்கள் சொன்ன சுய வேறுபாடு?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. நீங்கள் செய்திருப்பது, இந்தக் கருத்தை வகுத்த அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் 'உணர்ச்சித் துண்டிப்பு' என்று அழைத்த காரியம், அதாவது இறுக்கத்தைத் தீர்க்காமல் தொடர்பை மட்டும் அறுத்துக்கொள்வது. உங்கள் கை நடுக்கமே அதற்குச் சாட்சி. எடுத்துப் பேசிய நாட்களில் அம்மாவின் பதற்றம் உங்களை ஆட்டிவைத்தது. எடுக்காத இந்த நாட்களிலும் அதே எட்டு மணிதான் ஆட்டிவைக்கிறது. தினமும் பேசி உருகுபவரும், பேச்சையே நிறுத்திவிட்டு உள்ளுக்குள் கொதிப்பவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள்தாம்.

பிழையில் பாதி என்னுடையது. 'வேறுபாடு' என்றதும் தமிழ்க் காதுக்குக் கருத்து வேறுபாடும் மனத்தாங்கலும்தான் நினைவுக்கு வருகின்றன. போவன் இந்தச் சொல்லை உயிரியலிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரே கருவிலிருந்து பிரிந்து வளரும் செல்களில் ஒன்று கல்லீரலாகிறது, இன்னொன்று நரம்பாகிறது. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்வதில்லை, ஆனால் இரண்டில் எதுவும் உடலை விட்டு வெளியே போவதுமில்லை. நண்பர் ஒருவர் இதைத் தாமரை இலைத் தண்ணீர் என்று விளக்கப் பார்த்தார். அதுவும் பொருந்தாது, ஒட்டாமலிருப்பது இங்கே நோக்கமல்ல, ஒட்டியிருக்கும்போதே தன் எண்ணம் எது, மற்றவரிடமிருந்து தொற்றிய பதற்றம் எது என்று பிரித்தறிய முடிவதுதான் நோக்கம்.

போவன் 1954இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் சேர்ந்து, மனச்சிதைவு நோயாளிகளுடன் முதலில் தாய்மாரையும், பிறகு தந்தை, உடன்பிறந்தோரையும் சேர்த்தே மருத்துவமனைக் கூடத்தில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவரின் பதற்றம் இன்னொருவர் மீது ஏறிக்கொள்வதையும், ஏற்றிவிட்டவர் இலேசாகிவிடுவதையும் அங்கே நேரில் கண்டார். (மனச்சிதைவுக்கே குடும்ப உறவுதான் காரணம் என்று அக்காலத்தில் பலர் எண்ணியதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை, அந்தப் பழியைத் தாய்மார் வீணாகச் சுமந்தார்கள்.) இருவருக்கிடையே இறுக்கம் கூடினால் மூன்றாமவர் ஒருவர் உள்ளே இழுக்கப்படுவார் என்பதைத்தான் அவர் 'முக்கோணம்' என்றார். உங்கள் வீட்டில் அம்மாவும் அண்ணியும் இரண்டு முனைகள். மூன்றாவது முனை திருச்சியில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "அண்ணங்கிட்ட சொல்லிடாத" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் முக்கோணத்தைப் பூட்டும் தாழ்ப்பாள்.

போவன் இதைத் தன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம். டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடும்பத் தொழில் நடத்திய வீட்டின் மூத்த பிள்ளை அவர். தொழில் தொடர்பாக வீட்டில் புகைச்சல் எழுந்தபோது, தம்பியைப் பற்றித் தன் காதுக்கு வந்த கதைகளைத் தம்பிக்கே கடிதமாக எழுதினார். பிறகு ஊருக்கும் போனார். தம்பி கோபத்தோடு வந்தபோது, எதிர்த்துச் சண்டையிடாமலும் யார் பக்கமும் சாயாமலும் உட்கார்ந்திருந்தார். 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த மாநாட்டில், தயாரித்திருந்த கட்டுரையை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைத்தான் சொன்னார். 1972இல் அது அச்சானபோது ஆசிரியர் பெயர் போடப்படவில்லை. நீங்கள் அண்ணிக்குக் கடிதம் எழுதிவிட வேண்டாம். அது பல ஆண்டுகள் பழகியவர் ஆடிய ஆட்டம். ஆனால் அவர் விலகி ஓடவில்லை, உள்ளே போனார் என்பதைக் கவனியுங்கள்.

போவன் அறிவை உயர்த்தி உணர்ச்சியைத் தாழ்த்துகிறார், மேற்கத்தியத் தனிமனிதரையே இலக்கணமாகக் கொள்கிறார் என்ற விமர்சனம் உண்டு. முதல் பகுதியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. நம்முடையதைப் போன்ற நெருக்கமான குடும்பங்களில்தான் இதற்குத் தேவை அதிகம்.

தூக்கமின்மையும் நடுக்கமும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை எந்தக் கோட்பாடும் ஈடுசெய்யாது. மற்றபடி, அம்மா அழைக்கும் வரை காத்திராமல் ஏழு மணிக்கு நீங்களே அழையுங்கள். மூன்று வாரம் பேசாததற்கு நீண்ட விளக்கம் வேண்டாம், "பேசத் தெம்பில்லாம இருந்தேன்மா" என்பது போதும், அது உண்மையும்கூட. அவருடைய முழங்கால் வலியைக் கேளுங்கள், உங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அண்ணி பேச்சு வந்தால், "அதை நீங்க அண்ணிகிட்டயே கேளுங்கம்மா, எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்று ஒரே ஒரு முறை, குரல் உயர்த்தாமல். அண்ணியைக் குறை சொல்லவும் வேண்டாம், அவருக்காக வாதாடவும் வேண்டாம்.

அம்மாவுக்குக் கோபம் வரும். இத்தகைய மாற்றத்துக்குக் குடும்பம் மூன்று படிகளில் பதில் சொல்லும் என்கிறார் போவன்: நீ செய்வது தவறு, பழையபடி இரு, இல்லாவிட்டால் விளைவை அனுபவிப்பாய். நம் ஊரில் மூன்றாவது, "நான் செத்தாத்தான் உனக்கு என் அருமை தெரியும்" என்று வரும். அதைக் கேட்டுப் பழைய கதைக்குத் திரும்பிவிடாமலும், தொலைபேசியை வைத்துவிடாமலும் இருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தாலே அதிகம். மறுநாளும் அதே ஏழு மணிக்கு அழையுங்கள்.