யாருக்கு வெட்கம்?

கேள்வி: 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து வெண்கலம் வாங்கிய போலந்துக்காரி மரியா குவாஷ்னியெவ்ஸ்கா, ஹிட்லர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாராமே! விளையாட்டுக்காரர்களுக்கு வெட்கமே கிடையாதா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: படமா! வாரம் ஒன்றாவது வருகிறது. சுரைக்காய் சாகுபடி பற்றி இரண்டு பக்கக் கட்டுரை, கூடவே கட்டுரையாளர் மந்திரிக்குச் சால்வை போர்த்தும் படம் நான்கு. சுரைக்காய் ஒன்றிலும் இல்லை. ஒரு கவிஞருக்குக் கவிதையைப் போட்டோம், பிரமுகரோடு நின்ற படத்தைப் போடவில்லை. "கவிதையை விட்டுவிட்டுப் படத்தைப் போட்டிருக்கலாம்" என்று எழுதினார். கவிதையைப் படித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

மரியா விஷயம் வேறு. ஈட்டி, கூடைப்பந்து, வாலிபால் என்று எதையும் விடாத பெண். "குட்டிப் போலந்துக்காரி" என்று ஹிட்லர் வாழ்த்தப்போக, "உங்களைவிட நான் ஒன்றும் குட்டையில்லையே" என்று சொல்லிவிட்டாராம். அவரே சொல்லிவந்த கதை. நான் நம்புகிறேன், நம்பாமலிருக்க மனசு வரவில்லை.

1939 செப்டம்பரில் போலந்தின் தலைநகர் வார்சா மேல் குண்டு விழுந்தபோது ஆம்புலன்ஸ் ஓட்டினார். 1944-ல் ஜெர்மானியர்களை எதிர்த்து வார்சாவில் நடந்த எழுச்சியின்போது நகரத்து ஜனங்களை ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் வெளியேற்றி, பக்கத்து ஊரான ப்ருஷ்குவில் ரயில் பணிமனைக் கொட்டகைகளில் அடைத்தார்கள். அங்கிருந்து கட்டாய வேலைக்கு, இல்லாவிட்டால் வதைமுகாமுக்கு. மரியா அந்த முகாம் வாசலுக்குப் போய், நீங்கள் சொல்கிற அதே படத்தைக் காவலாளியிடம் நீட்டினார். தலைவரோடு நிற்கிறவளை யார் தடுப்பது? உள்ளே போனார், ஆட்களை வெளியே கூட்டிவந்தார். மறுபடியும் போனார். வெளியே வந்தவர்களுக்குத் தன் வீட்டிலேயே இடமும் கொடுத்தார்.

வெட்கம் பற்றிக் கேட்டீர்கள். ஒலிம்பிக் கமிட்டியைப் பற்றி நான் எழுதினாலே "ஆரம்பித்துவிட்டார்" என்பீர்கள். பரவாயில்லை. 1936 குளிர்கால ஒலிம்பிக்கும் ஜெர்மனியில்தான், கார்மிஷ் பார்டன்கிர்ஹனில். 1939 மார்ச்சில் ஹிட்லர் செக் நாட்டுத் தலைநகர் ப்ராகைப் பிடித்தார். ஜூனில் கமிட்டி கூடி, 1940 குளிர்கால ஒலிம்பிக்கை மறுபடியும் அதே ஊருக்கே தூக்கிக் கொடுத்தது. செப்டம்பரில் போலந்தும் அவர் கைக்குப் போனது. கமிட்டி ஆபீஸ் இன்றைக்கும் சுவிட்சர்லாந்தின் லோசானில்தான் இருக்கிறது. உங்கள் கேள்வியை அங்கே அனுப்பிவையுங்கள்.