நீதிமன்றச் சுருக்கெழுத்து: வேகமும் பிழையில்லாத எழுத்தும் (கேள்வி பதில்)

யாழ்ப்பாணத்தில் 27 வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். தமிழில் சாட்சியம் எடுப்பது பற்றிக் கேளுங்கள்.

கே (கோண்டாவில்): நிமிடத்துக்கு 80 சொல்லில் மூன்று மாதமாக நிற்கிறேன். 100க்குப் போனால் கை தடுமாறுகிறது.

ப: தங்கச்சி, கையில் குறை இருக்காது. ஒரு சொல்லுக்கு என்ன கோடு என்று இரண்டு விநாடி யோசிக்கிறீர்கள், அதற்குள் மூன்று சொல் போய்விடுகிறது. ஒரு பத்தியை எடுத்து 25 சொல்லுக்கு ஒரு அடையாளக் கோடு கீறுங்கள். வீட்டில் யாராவது மணிக்கூட்டைப் பார்த்து, 15 விநாடிக்கு ஒரு கோடு வரும்படி வாசித்தால் அதுதான் 100. முதலில் தடுக்குகிற சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வரி நிறைய எழுதுங்கள். அப்புறம் அதே பத்தியை 110 வேகத்தில் ஒரு நிமிடம் மட்டும் எடுங்கள். கோடு கோணினாலும் நிறுத்தாமல் ஓடுங்கள். பிறகு 100க்கு இறங்கி ஐந்து நிமிடம். கை தானாக ஆறுதலடைந்திருக்கும்.

இன்னொன்று. ஆங்கில டிக்டேஷனில் 20 சொல்லுக்கு 28 அசை (சொல்லின் ஒலித்துண்டு, சிலபிள்) என்பது கணக்கு. நம்முடைய ‘எழுதிக்கொண்டிருந்தவரிடம்’ ஒரே சொல்தான், ஆனால் பத்து அசை. ஆகவே ஆங்கிலம் எடுக்கிற தோழியின் 120ஐப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

அன்றைய குறிப்பை அன்றே வாசியுங்கள். வாசிக்காமல் கொப்பியை மூடினால் அன்று எழுதியது கணக்கில் இல்லை.

கே (சாவகச்சேரி): எத்தனை மாதத்தில் 120 வரும்?

ப: மாதக் கணக்கு சொல்ல மாட்டேன். நாளுக்கு ஒரு மணித்தியாலம், ஒரு நாளும் தவறாமல்.

கே (நெல்லியடி): பிழை எங்கே அதிகம் வருகிறது?

ப: எண், பெயர், எதிர்மறை. ‘அறுபது’, ‘எழுபது’ இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும், அதனால் எண்ணை இலக்கத்தில் போடுங்கள். காணி வழக்கில் ‘மூன்று பரப்பு ஆறு குழி’ என்றால் 3 ப 6 கு என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) மூன்றும் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டம்) வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும். மூன்றுக்கும் ஒவ்வொரு குறுங்குறி வைத்துக் கை பழகும்வரை எழுதுங்கள். எங்கள் பேச்சில் ‘வந்தவர்’ ஆணுக்கு, ‘வந்தவ’ பெண்ணுக்கு; கடைசி எழுத்துப் போனால் ஆண் பெண்ணாகிவிடும். பெயரை ஊகிக்கவே கூடாது. இடைவேளையில் கேட்டுத் திருத்துங்கள். அன்றைய குறிப்பை அன்றே வாசித்தால்தான் எந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்பதே தெரியும்.

கே (பருத்தித்துறை, சட்டத்தரணி): சாட்சி ‘உவன்தான் வெட்டினவன்’ என்றால் ‘இவனே வெட்டினான்’ என்று நல்ல தமிழில் எழுதுவதுதானே முறை? மேன்முறையீட்டில் வாசிப்பவருக்கு விளங்க வேண்டாமா?

ப: ஐயா, இதில் உங்களோடு உடன்பட முடியாது. ‘உவன்’ என்றால் இவனும் அல்ல, அவனும் அல்ல. கேட்பவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். கூண்டில் இரண்டு எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) நிற்கும்போது சாட்சி யாரைச் சுட்டினார் என்பதுதான் வழக்கே. அதை ‘இவன்’ ஆக்கினால் சாட்சியத்தை நாம் சொன்னதாகிவிடும்.

கே (அதே சட்டத்தரணி): அப்படியென்றால் ஏடு முழுக்கக் கொச்சைத் தமிழாகிவிடுமே.

ப: உவன் கொச்சை இல்லை. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று நன்னூலே சொல்கிறது. மற்ற இடங்களில் பேச்சிலிருந்து மறைந்தது எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். ‘போனனான்’ (போனேன்), ‘காணேல்லை’ (காணவில்லை) எல்லாம் அப்படியே வரட்டும். மேன்முறையீட்டுக்கு மொழிபெயர்க்கிறவர் தன் வேலையைச் செய்வார்.

கே (வல்வெட்டித்துறை): அண்ணா, வேகத்தில் அவன், இவன், உவன் மூன்றும் ஒரே கோடாகத்தானே வருகிறது?

ப: நல்ல கேள்வி. பிட்மன் சுருக்கெழுத்து முறையில் வேகம் பிடிக்கும்போது உயிரை விட்டுவிட்டு மெய்க்கோட்டை மட்டும் போடுகிறோம், முதல் உயிர் போனால் மூன்றும் ஒன்றுதான். ஆரம்ப வருடங்களில் எனக்கு இது நடந்தது. குறுக்கு விசாரணையில் சாட்சி முதல்நாள் என்ன சொன்னார் என்று வாக்குவாதம் வந்து, எழும்பிக் குறிப்பை வாசிக்கச் சொன்னார்கள். கொப்பியில் கோடு இருந்தது, உயிர்க்குறி இல்லை. எந்தச் சொல் என்று சொல்ல முடியாமல் நின்றேன். முதல்நாள் மாலையே வாசித்திருந்தால் நினைவு சூடாக இருக்கும்போதே குறி போட்டிருப்பேன். அன்றிலிருந்து சுட்டுப்பெயருக்கு உயிர்க்குறி விட்டதில்லை. வேகம் இரண்டு சொல் குறைந்தாலும் விடாதீர்கள்.

கே (மானிப்பாய்): 120 வர எத்தனை மாதம்?

ப: சாவகச்சேரிக்குச் சொன்னதுதான்.

கே (சுன்னாகம்): அமெரிக்காவில் மெஷினில் எடுக்கிறார்களாமே?

ப: ஆம். 22 விசை, பல விசையை ஒன்றாக அழுத்தினால் ஒரு அசையோ சொல்லோ விழும். அங்கே தேசியச் சான்றிதழுக்குக் கேள்வி பதில் சாட்சியத்தை நிமிடத்துக்கு 225 சொல்லில், 95 வீதம் பிழையில்லாமல் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 1125 சொல், அதில் ஏறத்தாழ 56 பிழைவரை தாங்கும். ஆர்வமிருந்தால் இந்த மெஷின் எழுத்துக்கான ப்ளோவர் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். நம் வேலைக்குப் பேனைதான்.

கே (அரியாலை): வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ப: வர்த்தமானியையும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் பாருங்கள்.

கே (கொக்குவில்): குறிப்பை எப்போது வாசிக்க வேண்டும்?

ப: அன்றே, பிள்ளை. மூன்றாம் தடவை சொல்கிறேன்.

கே (பருத்தித்துறை சட்டத்தரணி): ‘உவன்’ என்று எழுதிவிட்டு, யாரைக் காட்டினார் என்று அடைப்புக்குறிக்குள் போடலாமா?

ப: போடலாம், நீதிபதி சொன்னால் மட்டும். சாட்சியின் சொல் முதலில், அதன் கீழே ‘சாட்சி இரண்டாம் எதிரியைக் காட்டுகிறார்’ என்று மன்றின் குறிப்பு. நீங்கள் எழும்பிக் கேளுங்கள் ஐயா, நீதிபதி கட்டளையிட்டவுடன் நாங்கள் எழுதுவோம்.