வீட்டிலிருந்தே 16 பக்கச் சிறு புத்தகம் வடிவமைக்க மலிவான மென்பொருள் எது?

கேள்வி: "தமிழில் 16 பக்கச் சிறு புத்தகம் ஒன்றை வீட்டுக் கணினியில் நானே வடிவமைக்க வேண்டும். மாத இறுதிக்குள் தேவை. அதிகச் செலவில்லாத மென்பொருள் எது?"

ஸ்கிரைபஸ். ஒரு சதமும் கட்ட வேண்டாம். 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அவசரமாக இருந்தால் இத்தோடு வேலையைத் தொடங்கிவிடலாம். மீதியை நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தமிழ், 16 பக்கம், மாத இறுதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது உங்கள் வீட்டில் யாரோ காலமாகிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் இறந்த 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பது வழக்கம். பெரியவர்கள் இன்றும் அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்கிறார்கள். முதல் பக்கத்தில் படம், அடுத்து இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, பஞ்ச தோத்திரம், சிவபுராணம், கடைசியில் நன்றி நவிலல். நான் முதன்முதலாக வடிவமைத்த புத்தகம் என் அம்மாவின் கல்வெட்டு.

அம்மா 2022 பெப்ரவரி 28ஆம் திகதி போனார். அந்த மார்ச் மாதம் இலங்கையில் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாள் இறக்குமதி செய்ய டொலர் இல்லை. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே தாள் இல்லாமல் ஒத்திவைத்தார்கள். மின்வெட்டு ஒவ்வொரு வாரமும் நீண்டு, மாதக் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. எட்டாம் நாள் சடங்கான எட்டாம் செலவு முடிந்த மறுநாள் நான் ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் விலையைச் சொல்லிவிட்டு, "இது இன்றைய விலை அக்கா. நாளைக்கு என்ன விலை என்று எனக்கே தெரியாது" என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், அவரிடம் உண்மையிலேயே தாள் இருக்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் கோப்பைத் தருவீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கொடுக்கும் வழக்கம் இல்லை" என்றார். அந்த இடத்தில்தான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பாவின் கல்வெட்டு 2003இல் இன்னோர் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது, பாமினி எழுத்துருவில். கெஞ்சிக் கேட்டதால் எழுத்துப் பகுதியை மட்டும் ஒரு சீடியில் போட்டுத் தந்தார்கள். அம்மாவின் கல்வெட்டுக்கு அதே தோத்திரங்களை எடுக்கலாம் என்று எண்ணி அந்தச் சீடியைத் திறந்தேன். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று நின்றது. பக்கம் பக்கமாக அப்படித்தான். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பெரியப்பா. அவரும் இப்போது இல்லை. எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றைப் பிடித்து, எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கலங்கிப்போனதைக் கையால் திருத்த இரண்டு இரவுகள் போயின. பேஜ்மேக்கரை அதன் நிறுவனமே 2004இல் கைவிட்டுவிட்டது. இன்றைக்கும் நம் ஊர்களில் அதில்தான் கல்வெட்டு அடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே விலையைவிட முக்கியமாக, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் யூனிகோடுத் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா, கோப்பு உங்கள் கையில் இருக்குமா என்பதைப் பாருங்கள்.

இப்போது ஸ்கிரைபஸ். முதலில் நானும் தவறினேன். அப்போது நிலையான பதிப்பு என்று கிடைத்தது 1.4. அதில் 'பெற்றோர்' என்று இட்டால் கொம்பு 'ப'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. தமிழுக்கு இது உதவாது என்று மூடிவிட்டேன். கொழும்பில் இருக்கும் மச்சாளின் மகன்தான், 2017இல் வந்த 1.5.3 தொடக்கம் இந்தக் கோளாறு இல்லை என்று சொல்லி 1.5 வரிசையை இறக்கித் தந்தான். 2024இல் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது. இணையத்தில் 'ஸ்கிரைபஸில் தமிழ் உடைகிறது' என்று பழைய பதில்கள் கிடக்கும். அவை எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அதன் முறை வேர்டைப் போன்றதன்று. தாளில் முதலில் சட்டம் வரைய வேண்டும், பிறகு அதற்குள் எழுத்தையோ படத்தையோ வைக்க வேண்டும். ஒரு சட்டத்தை அடுத்த பக்கத்துச் சட்டத்தோடு இணைத்துவிட்டால் எழுத்து தானாக அங்கே ஓடும். இடம் போதாமல் எழுத்து மறைந்து நின்றால் சட்டத்தின் வலது கீழ் மூலையில் சிவப்பு அடையாளம் தெரியும். அந்த அடையாளம் எனக்குச் சிவபுராணத்தில் வந்தது. சிவபுராணம் 95 அடிகள். ஏ5, அதாவது ஏ4 தாளில் பாதி அளவான பக்கத்தில் மேலும் கீழும் 18 மில்லிமீட்டர் விட்டு, 11 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி 15 புள்ளி இடைவெளி வைத்தால் பக்கத்துக்கு 32 வரிகள் வரும். மூன்று பக்கத்துக்கு 96. தலைப்பை வைத்தவுடன் கடைசி அடிகள் வெளியே விழுந்துவிட்டன. நாலாவது பக்கம் கொடுத்தால் அம்மாவின் வரலாற்றில் ஒரு பக்கம் குறையும். இடைவெளியை 14.5 ஆக்கினேன். பக்கத்துக்கு 34 வரிகள், தலைப்போடு மூன்றே பக்கத்தில் அடங்கிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வேர்டில் இதே வேலையைச் செய்யப்போய், ஒரு படத்தை அசைத்தால் நாலு பக்கம் குலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

தேவார திருவாசகப் பாடல்களைத் தட்டச்சு செய்ய வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இலவசமாக மின்வடிவில் தந்துவருகிறது. யூனிகோடில் எடுக்கலாம். ஆனாலும் வீட்டில் இருக்கும் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அம்மாவின் பழைய தோத்திரப் புத்தகத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக இருக்கும், தலைப்புக்கு மீரா இனிமை. இரண்டும் இலவசம், பீடிஎஃப்பில் உட்பொதிக்க எந்தத் தடையும் இல்லை. ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்: ஒடுங்கிய பத்தியில் இரு பக்கமும் சமப்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் பெரிய பெரிய வெள்ளை ஓட்டைகள் விழும். இடது பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

படம்தான் எல்லோருக்கும் இடறுகிற இடம். கனடாவில் இருக்கும் அண்ணா அம்மாவின் நல்ல படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திரையில் அழகாக இருந்தது, தாளில் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆறு சென்ரிமீட்டர் அகலம், எட்டு சென்ரிமீட்டர் உயரத்தில் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 709க்கு 945 படப்புள்ளிகள் (பிக்சல்) வேண்டும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். அதே படத்தை 'ஆவணம்' என்று அனுப்பச் சொன்னதும் முழு அளவில் வந்தது. பீடிஎஃப் ஆக்கும்போது ஸ்கிரைபஸே தரம் குறைந்த படங்களையும் வெளியே தொங்கும் எழுத்துகளையும் சரிபார்த்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளாதீர்கள்.

மற்ற மென்பொருள்களைப் பற்றியும் கேட்பீர்கள். இரண்டு மூன்று பக்க அறிவித்தல் என்றால் லிப்ரே ஆபிஸ் ரைட்டரே போதும், அதுவும் இலவசம். கான்வா அழைப்பிதழுக்கு நல்லது. ஆனால் அப்போது இணையம் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது, எனக்கு அந்த மாதம் அது சரிவரவில்லை. மைக்ரோசாப்ட் பப்ளிஷரை இனிப் புதிதாகப் பழக வேண்டாம், 2026 அக்டோபரோடு அதற்கான ஆதரவை நிறுத்துகிறார்கள். இன்டிசைன் சிறந்த கருவி, மறுக்கவில்லை. ஒரு கல்வெட்டுக்காக மாதச் சந்தா கட்டுவது நம் போன்ற வீடுகளுக்கு இயலாது. அஃபினிட்டி 2025 அக்டோபரில் இலவசமாகியிருக்கிறது. அதையோ வேறு எதையோ எடுப்பதானால் முதல் வேலையாக 'கொடுத்தோம்', 'கௌரி', 'ஸ்ரீ' என்ற மூன்று சொற்களை இட்டுப் பாருங்கள். ஒன்று உடைந்தாலும் விட்டுவிடுங்கள்.

அச்சகக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று யாராவது கீழே எழுதக்கூடும். அப்படி அல்ல. நானூறு ஐந்நூறு பிரதி வேண்டும், அட்டையில் நிறம் பிசகக்கூடாது என்றால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது 120 பிரதி. 16 பக்கத்துக்கு நாலு ஏ4 தாள், 120 பிரதிக்கு 480 தாள். 500 தாள் கொண்ட ஒரு கட்டு வாங்கி, பழுதானால் மாற்றுவதற்கு 20 தாள் மிஞ்சியது. அட்டை மட்டும் போட்டோப்பிரதிக் கடையில் தடித்த தாளில் எடுத்தேன். பக்கங்களை மாற்றி அடுக்கும் தலைவலியும் உங்களுக்கு வேண்டாம். அக்ரோபாட் ரீடரில் அச்சிடும்போது சிறுபுத்தகம் என்ற தெரிவு இருக்கிறது. ஒரு தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும். 16ம் 1ம், 2ம் 15ம் என்று. கூட்டுத்தொகை பிசகினால் அடுக்கு பிழைத்துவிட்டது.

இனிச் சொல்வது நீங்கள் கேட்காதது. நன்றி நவிலல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதும்போது, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடுவது எங்கள் வழக்கம். கனடா, இலண்டன், சுவிஸ் என்று. மரண அறிவித்தல்களிலும் அப்படித்தான். பக்கவாதம் வந்து அம்மா நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கரண்டியால் கஞ்சி கொடுத்தது நான். பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் எதுவும் இல்லை, வெறும் காற்புள்ளி. அண்ணாவும் அக்காவும் கெட்டவர்கள் அல்லர், செலவுக்குப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள்தான். ஆனால் வீட்டோடு இருந்தவளுக்கு எழுத ஒரு சொல் கூட இல்லாத வழக்கம் என்ன வழக்கம்? எல்லா அடைப்புக்குறிகளையும் எடுத்துவிட்டேன். வயது வரிசையில் பெயர்கள் மட்டும். மாமா பார்த்துவிட்டு, "பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று சனத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்று கோபித்தார். நான் மாற்றவில்லை. அச்சகத்தில் கொடுத்திருந்தால் அவர்கள் வழமைப்படி போட்டிருப்பார்கள், திருத்தத்துக்குத் தனிக்காசு கேட்டிருப்பார்கள். அம்மாவின் வரலாற்றில் 'இல்லத்தரசி' என்பதையும் வெட்டி, 31 ஆண்டுகள் தையல் தொழில் செய்தார் என்று எழுதினேன். அப்பாவின் சம்பளம் வராத ஆண்டுகளில் எங்களைச் சாப்பிட வைத்தது அந்தத் தையல் மெஷின்.

ஸ்கிரைபஸ் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தாலும் உள்ளே இருக்கும் தமிழை வாசிக்கலாம். குறிகளுக்கு நடுவே அம்மாவின் பெயர் அம்மாவின் பெயராகவே இருக்கிறது. நானும் அண்ணாவும் அக்காவும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. வீட்டு ஸ்டேப்லர் மடிப்பின் நடுவரைக்கும் எட்டாது, அதற்கென்று நீளக் கை உள்ளது வேண்டும். கிடைக்காவிட்டால் அலையாதீர்கள். நான் அம்மாவின் பெட்டியில் இருந்த வெள்ளை நூலால் தைத்தேன். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். ஊசியை நடுத் துளையால் உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே கொண்டுவந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே விட்டு, மறுபடியும் நடுத் துளையால் உள்ளே இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு இரண்டரைச் சாண் நூல் போதும்.