வேலைக்கு நடுவே பலவகைப் புத்தகங்களை விடாமல் வாசிப்பது எப்படி? ஒலிநூல் கேட்பதும் வாசிப்பில் சேருமா?

சேரும். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதே விஷயத்தில் நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டவன் நான். அதற்கப்புறமும் சேரும் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் ஏதோ பெரிய ஊரில் இருக்கிறீர்கள், காலையில் போனால் ராத்திரிதான் வீடு, புத்தகக் கண்காட்சியில் ஒரு பை நிறைய வாங்கி வந்தது பிரிக்காமலே கிடக்கிறது என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் மன்னார்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். கூடவே நாலு ஏக்கர் நிலம். 'கிராமத்தில் இருப்பவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்' என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன்னால் ஒன்று: மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்றால் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு நான் மத்தியானம் சாப்பிடுவதே கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான்.

சரி, மூக்குடைந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் கிளை நூலகத்தில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருந்தது. நீலக் காலிகோ துணி போட்ட பழைய பைண்டிங், முதுகில் வெள்ளை மையில் பாக எண். பள்ளிக்கூடத்தில் அரைகுறையாகப் படித்ததுதான், ஒரு வருஷம் ஆடியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆடிப்பெருக்கன்று வீராணத்துக் கரையில் தொடங்குகிற கதையை, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதத்தில் படிப்பது தனிச் சுகம். முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தை எடுக்கும்போது மூன்றாம் பாகமும் பக்கத்திலேயே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். சேர்த்தே எடுத்திருக்கலாம். யாராவது கேட்டு வந்தால் இருக்கட்டுமே என்று பெரிய மனுஷனாக விட்டுவிட்டு வந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனால் மூன்றைக் காணோம். "போன வாரம்தான் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார், வந்துரும்" என்றார் நூலகர். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே யாரோ ஒரு சமையல் புத்தகத்தைச் செருகி வைத்திருந்தார்கள்.

வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கடையில் கேட்டேன், செட்டாகத்தான் தருவோம் என்றார்கள். மதுரைத் திட்டம் இணையதளத்தில் முழு எழுத்தும் இலவசமாகவே கிடைக்கிறது என்று இப்போது தெரியும், அப்போது தெரியாது.

அந்தத் தையில் அறுவடை. பெல்ட் மிஷின் வைத்து அறுத்து, நெல்லை ஏற்றிக்கொண்டு அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். களத்தில் நெல்லைக் கொட்டி, படுதாவைப் போட்டு மூடி, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுக்கை. பதினோரு ராத்திரி.

புத்தகம் கொண்டு போயிருக்கலாம். ஆனால் களத்தில் வெளிச்சம் ஒரே ஒரு கம்பத்தில், அதுவும் பூச்சி மொய்க்கிற குண்டு பல்பு. என் பையன்தான் போனில் ஒலிநூல் இருக்கும் என்று தேடிக் கொடுத்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, அதனால் குரல் இருக்கிற எவரும் வாசித்துப் போடலாம். பத்துப் பன்னிரண்டு பேர் போட்டிருந்தார்கள். பலர் ரேடியோ நாடகம் மாதிரி கத்தினார்கள். ஒரு பெண்மணி மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல நிதானமாக வாசித்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ராத்திரிகளை மறக்க முடியாது. படுதாவின் மேல் பனி சொட்டுச் சொட்டாகக் கோத்து நிற்கும். நெல் குவியலுக்குப் பக்கத்தில் படுத்தால் குவியலுக்குள்ளிருந்து ஒரு கதகதப்பு முதுகுக்கு வரும், ஈர நெல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், விடிந்தால் கிளற வேண்டும். காதில் கோடிக்கரை, பழையாறை, தஞ்சாவூர். தலைக்கு மேலே உள்ள பெயர்ப்பலகையிலும் அதே தஞ்சாவூருக்குக் கிலோமீட்டர் போட்டிருந்தது. பாதியில் தூங்கிப் போவேன். கண் விழித்தால் நந்தினி பேசிக்கொண்டிருந்த இடத்தில் பூங்குழலி பேசிக்கொண்டிருப்பாள். பின்னால் ஓட்டி ஓட்டி எந்த இடத்தில் விட்டேன் என்று தேடுவதிலேயே பவர் பேங்க் தீர்ந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தைப் பனியில் திறந்தவெளியில் கிடக்கிற நெல் விடியற்காலையில் எப்படி 17 காட்டும்? சாயங்காலம் பதினாறு காட்டிய நெல்தான் காலையில் பத்தொன்பது காட்டியது. காயவைத்து, கிளறி, தூற்றி, நம் முறை வந்தால் சாக்கு இல்லை என்பார்கள். சாக்கு வந்தால் லோடுமேன் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் பிடிப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. உலகத்துக்கே சோறு போடுகிற ஜில்லா என்று மேடையில் பேசுகிறார்கள், அந்தச் சோற்றுக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை போட ஆள் இல்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும்.

பதினோராம் நாள் என் நெல்லை எடைபோட்டார்கள். கதை மிச்சமிருந்தது, அதைக் கடையில் உட்கார்ந்து கேட்டு முடித்தேன். ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்' கடைசி அத்தியாயம் முடிந்தபோது அந்த அம்மாளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு பொன்னியின் செல்வனுக்குத் திரும்பியது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

"எல்லாம் சரி சார், குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு கல்கி சொல்லாமலே விட்டுட்டார்" என்றேன்.

"யார் சொன்னா?"

"நான் அஞ்சு பாகமும் முடிச்சவன் சார்."

"முடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார். அலமாரியிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து வந்து, கடைசிப் பக்கங்களைப் பிரித்து, என் முன்னால் வைத்து, விரலை வைத்தார். முடிவுரை. 1950-ல் ஆரம்பித்து 1954-ல் முடிந்த தொடர் அல்லவா? முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் கல்கியே உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார். கல்யாணக் கேள்வியும் அதில் இருக்கிறது.

நான் கேட்ட ஒலிநூலில் கடைசி அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ஓ, கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த 'கேட்டீங்களா' இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க மனசுக்குள் அவரோடு வாதாடினேன். உ.வே.சா. மாயவரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்ன செய்தார்? பாடம் கேட்டார். படித்தார் என்று யாரும் சொல்வதில்லை. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். (வள்ளுவரை இதற்கெல்லாம் இழுக்காதே என்பீர்கள். இழுத்தாயிற்று.) எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும்போது என் அம்மா ஒருநாள் விடாமல் போய் உட்காருவாள். அம்மா கைநாட்டு. ஆனால் பாரதத்தில் எந்தக் கிளைக்கதையைக் கேட்டாலும் சொல்வாள், நான் அச்சில் படித்தும் மறந்துபோன பெயர்கள் உட்பட. அவளிடம் போய் நீ வாசிக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

இதெல்லாம் வாத்தியாரிடம் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு என் தப்பு கேட்டது இல்லை, சரிபார்க்காதது. இப்போது எந்த ஒலிநூல் கேட்டாலும் முதலில் புத்தகத்தின் பொருளடக்கத்தைத் தேடிப் பிடித்து அத்தியாய எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்கிறேன். முன்னுரை, முடிவுரை, அடிக்குறிப்பு, நடுவில் வரும் பாட்டு, இவற்றில்தான் கைவைப்பார்கள். 'சுருக்கப்பட்டது' என்று சில இடங்களில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இப்போது முதல் கேள்வி. எப்படித் தொடர்வது என்றால், நான் புத்தகத்தை நேரத்தோடு கட்டவில்லை, இடத்தோடு கட்டினேன். காலை ஐந்தரைக்கு எழுந்து அரைமணி வாசிப்பு என்றெல்லாம் இரண்டு தடவை முயற்சி செய்து இரண்டு தடவையும் ஒரு வாரம் தாண்டவில்லை.

கல்லாப் பெட்டிக்குக் கீழே இழுப்பறையில் எப்போதும் ஒரு சிறுகதைத் தொகுப்பு. கதை பத்துப் பக்கம், ஆள் வந்தால் மூடலாம், போனால் திறக்கலாம். ஒரே சங்கடம், யூரியா அளந்த கையோடு பக்கத்தைப் புரட்டினால் அந்த உரம் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு பக்க ஓரம் பிசுபிசுவென்று ஆகிவிடும். நூலகப் புத்தகத்தை அதனால் கடைக்குக் கொண்டு போவதில்லை, சொந்தப் புத்தகம் மட்டும்தான். கட்டில் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். இப்போது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இரண்டாவது தடவையாக ஓடுகிறது. ராத்திரிக்கு நாலு பக்கம், அதற்குள் கண் சொக்கிவிடும். அதில் வருகிற ஊர்கள் பாதி நான் உரம் கொண்டு போய் இறக்கிய ஊர்கள், அதனால் எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளலாம். வயலுக்குப் போனால் காது. மடை பார்ப்பது, வரப்பு வெட்டுவது, மோட்டார் கொட்டகையில் கரண்டுக்காகக் காத்திருப்பது எல்லாம் ஒலிநூல் நேரம். வண்டி ஓட்டும்போது மட்டும் வேண்டாம். ஒருமுறை பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்காமல், டிரைவர் இறங்கி வந்து என் பரம்பரையையே விசாரித்தார்.

எல்லாப் புத்தகமும் காதுக்கு ஆகாது, இதை ஒத்துக்கொள்கிறேன். நாவல், பயணக்கதை, வாழ்க்கை வரலாறு நன்றாகப் போகும். கவிதை எனக்குக் கண்ணால்தான். மண்ணைப் பற்றி, பயிர்நோய் பற்றி எழுதிய புத்தகங்களைக் கேட்டுப் பார்த்தேன். அட்டவணையை ஒருவர் வரிசையாக வாசிக்கக் கேட்பது தண்டனை.

பிடிக்காததை ஐம்பது பக்கத்தில் மூடிவிடுகிறேன். முன்பெல்லாம் அது பாவம் என்று நினைத்து, ஒரே ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் வேறு எதையும் தொடாமல் கிடந்திருக்கிறேன். வருஷத்துக்கு ஐம்பது, நூறு என்று கணக்குப் போடுபவர்கள் போடட்டும். நான் பழைய கடன் நோட்டின் பின்பக்கத்தில் தேதியும் பேரும் மட்டும் எழுதி, கேட்டது என்றால் பக்கத்தில் 'கா' என்று போடுகிறேன். போன வருஷம் பத்தொன்பது, அதில் ஏழு 'கா'. குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு சம்பா சீசன் கடையில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

நூலகத்தை விடாதீர்கள். நூலகத்துறைக்கே தகப்பன் என்று சொல்லப்படுகிற ரங்கநாதன் எங்கள் சீர்காழிக்காரர். 1931-ல் அவர் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார், அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அவருடைய இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம் என்பது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறேன், எனக்கு மூன்றாம் பாகம் இன்னும் வந்தபாடில்லை.

இதைப் படிப்பவர்களில் எங்கள் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால், வீட்டுப் பரணில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 'கொலை வாள்', நீலக் காலிகோ, முதுகில் வெள்ளை மையில் 3. அபராதம் எவ்வளவு ஆகியிருந்தாலும் நானே கட்டிவிடுகிறேன். நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் நூலகச் சன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போகலாம், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை, சன்னலும் சாத்தியிருக்கும்.